ரப்பர் பால் திரியாமல் கிருமியைக் கொல்வது எப்படி: கையுறை, கதீட்டர் செய்ய வருபவர்களுக்கு

இந்த வேலையில் முதன்முதலாக இறங்கியபோது நான் செய்த காரியம் இது. பக்குவப்பட்ட ரப்பர் பால் கலவை ஒரு வாளி நிறைய இருந்தது, பக்கத்திலேயே குளோர்ஹெக்சிடின் கரைசல். ஆபரேஷனுக்கு முன்னால் தோலைத் துடைக்கவே இதைத்தான் எடுக்கிறார்கள், இதைவிட நம்பகமான கிருமிக்கொல்லி வேறென்ன வேண்டும் என்று ஒரு குவளை அளந்து ஊற்றிக் கலக்கினேன். நாலு சுற்று சுற்றுவதற்குள் வாளி முழுக்கக் கட்டி கட்டியாகத் திரண்டு, கலக்கிய கோலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. வாளியோடு தூக்கிப் போட்டோம்.

ஏன் திரிந்தது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தொழிலில் பாதி புரிந்த மாதிரி. ரப்பர் பாலில் மிதக்கும் துகள்கள் எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் பால் பாலாக நிற்கிறது. குளோர்ஹெக்சிடின், பென்சால்கோனியம் குளோரைடு, பாலிஹெக்சனைடு போன்ற பெயர்பெற்ற கிருமிக்கொல்லிகளோ நேர்மின்னூட்டம் கொண்டவை, பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் என்பதால்தான் அதில் போய் ஒட்டிக் கிழிக்கின்றன. பாக்டீரியாவுக்கும் ரப்பர்த் துகளுக்கும் வித்தியாசம் பார்க்க அதற்குத் தெரியாது. ஆக கிருமியைக் கொல்லும் பொருளைத் தேடுவது சிரமமே இல்லை, கடையில் கிடைக்கும். ரப்பரோடு சண்டை போடாமல், நோயாளியின் உடம்போடும் சண்டை போடாமல், கிருமியோடு மட்டும் மோத வைப்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் காகிதத்தில்: எந்தப் பொருள், எவ்வளவு நேரம்

மூலப்பொருள் வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். என்ன பொருள்? உடம்பில் எங்கே, எவ்வளவு நேரம் படும்? எந்தக் கிருமி, எப்படி வந்து சேர்கிறது?

பரிசோதனைக் கையுறை சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும். அதன் வெளிப்பக்கத்தில் ஒட்டிய கிருமி ஒரு நோயாளியிடமிருந்து கட்டில் கம்பிக்கும் அங்கிருந்து அடுத்த நோயாளிக்கும் போகிறது, ஆகவே நிமிடக் கணக்கில் கொல்லும் பொருள் வேண்டும். சிறுநீர்க் கதீட்டர் அப்படியல்ல, நாள்கணக்கில் உள்ளேயே இருக்கும். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா தொற்றும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடிக்கொண்டே போகும் என்பது மருத்துவ உலகில் பழகிப்போன கணக்கு. அங்கே மெதுவாக, நீண்ட நாள் வேலை செய்யும் பொருள்தான் உதவும். ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது.

உடம்பில் படும் நேரத்தை 24 மணி நேரம் வரை, 30 நாள் வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 10993 என்ற சர்வதேசத் தரநிலைத் தொகுப்பில் பாதுகாப்புச் சோதனைகள் இந்தப் பிரிவையும், எந்தத் திசுவில் படுகிறது என்பதையும் வைத்துத்தான் முடிவாகின்றன. நேரம் கூடக் கூடச் சோதனையும் கூடும், செலவும் கூடும். புதிதாக வருபவர்கள் கையுறை அல்லது வெளித்தோலில் படும் பொருளில் தொடங்குவதே நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஸ்டெரைல் என்பது வேறு, கிருமி எதிர்ப்பு என்பது வேறு. ஸ்டெரைல் செய்த பொருளில் பொட்டலத்தைப் பிரிக்கும் வரை உயிருள்ள கிருமி இருக்காது, அவ்வளவுதான். பிரித்த அடுத்த நொடி அதுவும் சாதாரண ரப்பர்தான்.

மூன்று வழிகளில் ஒன்று

கிருமியைச் சமாளிக்க ரப்பருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, மருந்தை வெளியே விடுவது. வெள்ளி அயனியோ குளோர்ஹெக்சிடினோ ரப்பருக்குள்ளிருந்து ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வேகமும் பலனும் அதிகம், ஆனால் சரக்கு தீர்ந்தால் கதை முடிந்தது. தீரும் கட்டத்தில் கசிவு மிகக் குறைந்து, கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் மருந்து வந்துகொண்டிருக்கும். எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமியை நாமே வளர்த்துக் கொடுப்பது அப்படித்தான்.

இரண்டாவது, மேற்பரப்பிலேயே கட்டிப்போட்ட கொல்லி. குவாட்டர்னரி அமோனியம் சிலேன் போன்றவற்றை ரப்பரோடு வேதிப் பிணைப்பில் கட்டிவிடுவார்கள், தொட்ட கிருமி சாகும், ஒன்றும் கசியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ரத்தத்திலோ சிறுநீரிலோ போட்ட சில நிமிடங்களிலேயே புரதம் மேலே படிந்து போர்வை போர்த்திவிடும். அதற்கப்புறம் கிருமி தொடுவது போர்வையைத்தான்.

மூன்றாவது, கொல்லாமல் வழுக்கிவிடுவது. தண்ணீரை உறிஞ்சி வழவழப்பாகும் ஹைட்ரோஜெல் பூச்சு இந்த வகை. கிருமி ஒட்டிக் கூட்டம் சேர்ந்து, தன்னைச் சுற்றிப் பிசின்போல ஒரு படலம் கட்டிக்கொள்வதைத்தான் பயோஃபிலிம் என்கிறோம். படலம் கட்டிய கிருமி மருந்துக்கு லேசில் மசியாது, ஆகவே ஒட்டும்போதே தடுப்பது புத்திசாலித்தனம். நடைமுறையில் மூன்றாவதையும் முதலாவதையும் சேர்த்துச் செய்த பொருள்கள்தான் அதிகம், ஹைட்ரோஜெல்லும் வெள்ளியும் சேர்ந்த கதீட்டர் அப்படிப்பட்டதுதான்.

யாருக்கு யார் ஆகாது

மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். பணம் வீணாவது இங்கேதான்.

வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது. இயற்கை ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் போடுகிறோம், வெள்ளி அந்தக் கந்தகத்தைப் பிடித்து வெள்ளி சல்ஃபைடாக மாறிவிடும். ரப்பர் பழுப்பாகிக் கறுக்கும், அது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் பெரிது: வெள்ளி சல்ஃபைடு தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லும் அளவுக்குக் கெட்டி, அதிலிருந்து அயனி வெளியே வராது. போட்ட வெள்ளி முழுவதும் உள்ளே இருக்கும், ஒரு கிருமியும் சாகாது.

செம்பு மலிவு, கிருமியை நன்றாகவே கொல்லும், ஆனால் இயற்கை ரப்பருக்கு விஷம். செம்பும் மாங்கனீசும் துளி இருந்தாலே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு ரப்பர் சேர்வதை வேகப்படுத்தி, கொஞ்ச நாளில் பொருளைப் பிசுபிசுக்கவோ நொறுங்கவோ வைக்கும். ரப்பர் பாலுக்கான ஐ.எஸ்.ஓ. 2004 தரத்தில் இவை ஒவ்வொன்றும் மொத்தத் திடப்பொருளில் கிலோவுக்கு 8 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செம்புதான் வேண்டுமென்றால் அடிப்படை ரப்பரை மாற்றுங்கள்.

குளோர்ஹெக்சிடினுக்கு நேர்மின்னூட்டத் தொல்லையைத் தவிர வெப்பமும் ஆகாது. நீண்ட நேரம் சூட்டில் வைத்தால் சிதைந்து பாரா குளோரோஅனிலின் என்ற நச்சுப் பொருளைத் தரும். அதை உள்ளே கலந்து 120 டிகிரி அடுப்பில் வேகவைப்பது தப்பு, வெந்த பிறகு மேலே பூசுவதுதான் முறை. எதிர்மின்னூட்ட சோப்பு இருந்தாலும் அதன் பலம் போய்விடும், ரப்பர் பாலிலோ இயற்கையாகவே கொழுப்பமில சோப்பு இருக்கிறது. ஆகவே ஏதோ ஒரு சாமர்த்தியத்தால் பால் திரியாமல் கலந்துவிட்டீர்கள் என்றாலும், கலந்ததில் பெரும்பகுதி செத்த சரக்காகத்தான் இருக்கும்.

பிளாட்டினத்தால் பதமாகும் சிலிகோனுக்குக் கந்தகமும் அமீனும் வெள்ளீயச் சேர்மங்களும் ஆகவே ஆகாது. துளி பட்டாலும் அந்த இடம் வேகாமல் கோந்துபோல நிற்கும். காலையில் இயற்கை ரப்பர் ஓட்டிய மில்லிலேயே மத்தியானம் சிலிகோன் ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு சிலிகோனைத் தொட்டாலே சில சமயம் கைபட்ட இடமெல்லாம் பிசுபிசுக்கும்.

கடைசியாக ஒன்று, இது தரத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. ரப்பர் பால் கெடாமலிருக்க அதில் அமோனியா இருக்கும், அடர்த்தியாக்கிய பாலில் சுமார் 0.7 சதவீதம். வெள்ளி நைட்ரேட்டை அமோனியாவில் கலந்து வைத்தால், வைக்க வைக்க, காயக் காய, தொட்டாலே வெடிக்கும் பொருள் அதில் உண்டாகலாம். வெள்ளி உப்புக் கரைசலை அமோனியாவோடு சேர்த்து ஒரு இரவுகூட மூடி வைக்காதீர்கள், பாத்திர ஓரத்தில் காயவும் விடாதீர்கள். வெள்ளி வேண்டுமென்றால் கண்ணாடித் தூளிலோ சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்திலோ அடைத்து விற்கும் வெள்ளியை வாங்குங்கள்.

ரப்பர் பாலில் முக்கி எடுக்கும் வழி

60 சதவீத ரப்பர் உள்ள அடர் பால் வாங்குங்கள். அதில் சேர்க்க வேண்டியவை, 100 பங்கு காய்ந்த ரப்பருக்குக் கந்தகம் 0.5 முதல் 1.5 பங்கு, துத்தநாக ஆக்சைடு 0.2 முதல் 1 பங்கு, ஆக்சிலரேட்டர் (கந்தகத்தின் வேலையை வேகப்படுத்தும் பொருள்) 0.5 முதல் 1 பங்கு, ரப்பர் முதுமையைத் தடுக்கும் பொருள் ஏறக்குறைய அதே அளவு. எல்லாமே தூள், தூளை நேராகப் பாலில் கொட்டக் கூடாது. தண்ணீரும், தூள் கட்டியாகாமல் பரவ வைக்கும் பொருளும் சேர்த்துப் பால் மில்லில் ஒரு நாளுக்கு மேல் அரைத்துக் குழம்பாக்கித்தான் சேர்க்க வேண்டும். (மில்லின் பெயரில் பால் இருக்கிறதே என்று ரப்பர் பாலை அதில் ஊற்றிவிடாதீர்கள். குண்டுகள் உருளும் அடியில் பால் ஒரே கட்டியாகிவிடும். அது குண்டு என்ற பொருளில் வரும் பால்.)

வெள்ளிக் கண்ணாடித் தூளையும் இதேபோல அரைத்துத்தான் சேர்க்க வேண்டும். பரிசோதனைக் கையுறையின் தடிமன் 0.1 மில்லிமீட்டரை ஒட்டி, அதாவது 100 மைக்ரான். அதில் 20 மைக்ரான் மணி ஒன்று உட்கார்ந்தால் அந்த இடத்தில் ஊசித்துளை விழ வழி வைத்த மாதிரி. 5 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவாருங்கள். குழம்பின் பி.எச். பாலின் பி.எச்.சுக்குப் பக்கத்தில், 10க்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்காகவே திரியும்.

வாளியில் ஊற்றும் முன் சோதனைக் குழாயில் 10 மில்லி பாலுக்கு அதே விகிதத்தில் சேர்த்து மூடி, மறுநாள் காலையில் மெல்லிய துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியில் குறுணை நின்றால் வாளிக்குப் போகாதீர்கள். எனக்கு அந்த முதல் நாளில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

கலவையை ஒன்றிரண்டு நாள் மெதுவாகக் கிளறிப் பக்குவப்பட விடுங்கள். அப்புறம் வரிசை இதுதான்: பீங்கான் அச்சைச் சுத்தமாகக் கழுவிச் சூடாக்கி, 10 முதல் 20 சதவீத கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கிக் காயவைத்து, ரப்பர் பால் தொட்டியில் சில நொடிகள் முக்கி மெதுவாக எடுக்க வேண்டும். கால்சியம் பட்ட இடத்தில் பால் திரிந்து படலமாக நிற்கும். (திரிந்ததால் வாளியோடு தூக்கிப் போட்டோம் என்று மேலே சொன்னேன், இங்கே திரிய வைப்பதே வேலை. எங்கே, எப்போது திரிகிறது என்பது நம் கையில் இருந்தால் சரி.) படலம் ஈரமாக இருக்கும்போதே 50 முதல் 70 டிகிரி ஓடும் தண்ணீரில் சில நிமிடம் கழுவி, பிறகு 100 முதல் 120 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் வேகவைத்து, மறுபடி கழுவிக் காயவைத்து உருவுங்கள்.

இந்தக் கழுவலைக் குறைத்துவிடலாமா என்று எல்லாருக்கும் ஒரு ஆசை வரும், ஏனென்றால் கழுவக் கழுவ நாம் போட்ட மருந்தும் போகிறது. குறைக்காதீர்கள். ரப்பர் பாலில் உள்ள புரதம்தான் லேடெக்ஸ் ஒவ்வாமைக்குக் காரணம், சிலருக்கு மூச்சு அடைக்கும் அளவுக்குக் கொண்டுபோகும், அது வெளியேறுவது இந்தக் கழுவலில்தான். தண்ணீரில் கரையும் கிருமிக்கொல்லி என்றால் கழுவல் எல்லாம் முடிந்த பிறகு கடைசிப் பூச்சாகக் கொடுங்கள். கரையாத, மெதுவாக அயனி விடும் தூள் என்றால் கலவையிலேயே இருக்கட்டும். ஆனால் கந்தகத்தின் பிடியிலிருந்து அதைக் காப்பாற்ற, கந்தகக் கலவையில் ஒரு முக்கு, அதன்மேல் கந்தகமில்லாத மெல்லிய பாலியூரித்தேன் படலத்தில் மருந்து என்று இரண்டடுக்காகச் செய்வதையே நான் சொல்வேன். ஒரே அடுக்கில் எல்லாவற்றையும் போட்டு ஜெயித்ததாகச் சொல்பவர்களிடம் ஆறு மாதம் பழைய மாதிரியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசிப் பூச்சு என்றதும் ஒரு எச்சரிக்கை. கையுறையை அச்சிலிருந்து உருவும்போது அது உள்வெளியாகப் புரளும். அச்சை ஒட்டியிருந்த பக்கம் வெளியே வரும், கடைசியாக முக்கிய பக்கம் உள்ளே போகும். மருந்தை அக்கறையாகக் கடைசி முக்கில் கொடுத்தால் அது போட்டுக்கொள்பவரின் தோலில்தான் போய் உட்காரும், கிருமி படும் வெளிப்பக்கம் வெறும் ரப்பராக இருக்கும். வெளியே வேண்டுமென்றால் ஒன்று முதல் முக்கிலேயே கொடுக்க வேண்டும், இல்லை உருவிப் புரண்ட பிறகு தெளிக்க வேண்டும். நேர்மின்னூட்டக் கொல்லிகளுக்கு முதல் முக்கு, அதாவது கால்சியம் நைட்ரேட் முக்கு, ஒரு விதத்தில் பொருத்தம், பாலைத் திரிய வைப்பதில் கால்சியத்துக்குக் கூட்டாளியாக நிற்கும் (குளோர்ஹெக்சிடின் மட்டும் நைட்ரேட்டோடு சேர்ந்தால் கரையாமல் படிந்துவிடும்). ஆனால் அப்புறம் வரும் கழுவலிலும் அடுப்பிலும் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள். புரளாமல் உருவி எடுக்கும் குழாய்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, கடைசி முக்கு வெளிப்பக்கமாகவே நிற்கும்.

சிலிகோன் வழி

இது சுருக்கமாக, ஏனென்றால் இங்கே சண்டைகள் குறைவு. கந்தகம் கிடையாது, புரதம் கிடையாது, ஆகவே வெள்ளிக்கு ஏற்ற வீடு. கட்டியான சிலிகோனை இரட்டை உருளை மில்லில் ஓட்டி, வெள்ளிக் கண்ணாடி அல்லது வெள்ளி சியோலைட் தூளை ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் வரை சேர்த்து, பிழிந்து குழாயாக்கி வேகவைப்பதுதான். சியோலைட் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அடுப்பில் நன்றாகக் காயவைக்காமல் சேர்த்தால் வேகும்போது ஆவியாகிக் குழாய் முழுக்கக் குமிழி விழும். வெந்த பிறகு 200 டிகிரியில் நாலு மணி நேரம் மறு அடுப்பு உண்டு, கனிமத் தூள்கள் அதைத் தாங்கும், கரிம மருந்துகள் தாங்காது.

கரிம மருந்தைத்தான் உள்ளே ஏற்ற வேண்டுமென்றால், முழுதாக வெந்த சிலிகோன் குழாயைத் தகுந்த கரைப்பானில் ஊறவைத்து உப்ப விடுவார்கள். அந்தக் கரைப்பானிலேயே மருந்து கரைந்திருக்கும், உப்பிய ரப்பருக்குள் புகுந்துவிடும். பிறகு கரைப்பானை ஆவியாக்கினால் குழாய் பழைய அளவுக்கு வரும், மருந்து உள்ளே தங்கும். நேர்த்தியான முறைதான், ஆனால் கரைப்பானின் கடைசித் துளியும் போய்விட்டது என்று ஆய்வகத்தில் நிரூபிக்கும் வரை அதை ஒரு மனிதருக்குள் வைக்க முடியாது. மேற்பரப்பில் கட்டும் வழி என்றால் சிலிகோனைப் பிளாஸ்மாவால் (மின்னேற்றிய வாயுவால்) தட்டி எழுப்பி உடனே, அன்றே, பூசுங்கள். விட்டுவைத்தால் உள்ளிருந்து சின்னச் சங்கிலிகள் மேலே ஊர்ந்து வந்து பழையபடி வழுக்கலாக்கிவிடும்.

சோதனை: எதை முதலில்

எல்லாரும் முதலில் கிருமிச் சோதனைக்கு ஓடுவார்கள். முதலில் ரப்பர் ரப்பராக இருக்கிறதா என்று பாருங்கள், செலவும் குறைவு. கையுறையில் 1000 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள், சொட்டினால் தோல்வி. இழுவைச் சோதனையில் இயற்கை ரப்பர் பரிசோதனைக் கையுறை அறுபடுமுன் 650 சதவீதமாவது நீள வேண்டும். 70 டிகிரியில் ஏழு நாள் வைத்து முதுமைப்படுத்திய பிறகும் 500 சதவீதம் நீள வேண்டும். மருந்து சேர்த்ததால் ரப்பர் கெட்டிருந்தால் அந்த ஏழு நாளில் வெளிச்சமாகிவிடும்.

கிருமிச் சோதனைக்குப் பழக்கத்தில் உள்ளது ஐ.எஸ்.ஓ. 22196. 50 மில்லிமீட்டர் சதுரத் துண்டின்மேல் 0.4 மில்லி பாக்டீரியாக் கரைசல் விட்டு, அது காயாமல் பரவ ஒரு மெல்லிய படலத்தால் மூடி, 35 டிகிரியில், ஈரக் காற்றில் 24 மணி நேரம் வைத்து, மிச்சம் எத்தனை உயிர் என்று எண்ணுவார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை இரண்டும் கட்டாயம். இது நல்ல தொடக்கம்தான், ஆனால் இதில் உள்ள சலுகையைப் பாருங்கள்: நாள் முழுக்க ஈரம், சூடு, அசையாத படலம். கையுறைக்கு அப்படி யாரும் 24 மணி நேரம் தர மாட்டார்கள், ஆகவே 5 நிமிடம், 10 நிமிடம் என்று குறுகிய நேரத்துக்கும் அளவெடுங்கள். கதீட்டர் என்றால் செயற்கைச் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக நாள்கணக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். அதில் புரோட்டியஸ் மிராபிலிஸையும் விடுங்கள். யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கி, குழாய்க்குள் கல்லுப் படியவைத்து அடைத்துவிடும் கிருமி அது.

எண்ணிக்கையை லாகில் சொல்வார்கள், ஒரு லாக் என்றால் பத்தில் ஒரு பங்காகக் குறைவது. 99.9 சதவீதம் கொன்றது என்றால் 3 லாக். பெரிய எண்ணாகத் தோன்றும், ஆனால் பத்து லட்சத்தில் ஆயிரம் பிழைத்திருக்கிறது. ஈ. கோலை தோதான இடத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், அந்த ஆயிரம் மறுபடி பத்து லட்சமாகப் பத்து இரட்டிப்பு, அதாவது 200 நிமிடம் போதும். ஒரு தடவை கொல்வதைவிடத் தொடர்ந்து அடக்கி வைப்பதுதான் குழாய்களுக்கு முக்கியம் என்பது இதனால்தான்.

பொய் வெற்றி வரும் இரண்டு வாசல்களை அடைத்துவிடுங்கள். ஒன்று, எண்ணுவதற்காகக் கழுவி எடுக்கும் திரவத்தில் மருந்தை முறிக்கும் பொருள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கசிந்த மருந்து தட்டிலும் கூடவே வந்து அங்கேயும் கொன்றுகொண்டிருக்கும், ரப்பரின் மேல் செத்ததாக நாம் கணக்கெழுதுவோம். இரண்டு, மருந்து போடாத அதே ரப்பரை ஒப்பீட்டுக்கு வையுங்கள், வேறு யாருடைய கையுறையையும் வைக்காதீர்கள். ரப்பர் ஆக்சிலரேட்டர்களில் சில விவசாயத்தில் பூஞ்சைக்கொல்லியாகத் தெளிக்கும் அதே பொருள்கள்தான், திராம், சிராம் என்று விற்பவை. அந்தக் குடும்பத்து மிச்சமே கொஞ்சம் கிருமியைக் கொல்லும், அந்தப் பெருமை வெள்ளிக்குப் போய்விடக் கூடாது.

அதே ஆக்சிலரேட்டர் மிச்சம் உயிரணுச் சோதனையிலும் காலை வாரும். ரப்பரை ஊறவைத்த சாற்றை வளர்ப்புச் செல்களின்மேல் விட்டு, உயிர்ப்பு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நச்சு என்று கொள்வார்கள். இயற்கை ரப்பர் மருந்தே இல்லாமல்கூட இதில் திணறும். அதன்மேல் கிருமிக்கொல்லியையும் ஏற்றினால் இடம் எவ்வளவு குறைவு என்று புரியும். ரப்பர் கையுறை ஆஸ்பத்திரிக்குள் வந்த கதையே ஒரு கிருமிக்கொல்லி தோலைப் புண்ணாக்கியதால் வந்ததுதான். 1889-90 வாக்கில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட்டின் செவிலியர் கரோலின் ஹாம்ப்டனின் கைகள் பாதரசக் குளோரைடு கரைசலால் வெந்துபோக, அவர் கைகளைக் காப்பாற்றத்தான் மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார்கள். நோயாளியைக் காப்பாற்றும் யோசனை அப்புறம் வந்தது.

கடைசிச் சோதனைகளை ஸ்டெரைல் செய்த, பொட்டலமிட்ட மாதிரியில்தான் செய்ய வேண்டும், தொட்டியிலிருந்து எடுத்ததில் அல்ல. 25 கிலோகிரே காமா கதிர் பட்ட பிறகு சில சிலிகோன் கெட்டிப்படும், வெள்ளி சேர்ந்த பொருள் நிறம் மாறலாம். நீராவியில் குளோர்ஹெக்சிடின் பூச்சு நிற்காது. வெள்ளிப் பொருளுக்கு வெளிச்சம் புகாத உறை போடுங்கள்.

பெட்டியின் மேல் என்ன எழுதுவது

ஆய்வகத் தட்டில் ஜெயித்தது கட்டிலில் ஜெயிக்கும் என்று எழுதிவிட முடியாது. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் சுமார் 7,000 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், குறுகிய காலத்துக்குப் போடும் வெள்ளிக்கலவைக் கதீட்டர் சாதாரணக் கதீட்டரைவிடத் தொற்றைக் குறைக்கவில்லை. நைட்ரோஃபுராசோன் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஏற்றிய சிலிகோன் கதீட்டர் கொஞ்சம் குறைத்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, அசௌகரியமும் அதிகம். இவையெல்லாம் ஆய்வகச் சோதனையில் நன்றாகவே தேறிய வகைகள். "இந்தப் பாக்டீரியாவை, இந்தச் சோதனையில், இத்தனை நேரத்தில், இத்தனை லாக் குறைக்கிறது" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. "தொற்றைத் தடுக்கும்" என்றால் மனிதர்களிடம் நடத்திய ஆய்வைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

என்ன மருந்து என்பதைப் பெட்டியில் பெரிதாக எழுதுங்கள். குளோர்ஹெக்சிடின் ஏற்றிய சாதனங்களால் கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 1998லேயே எச்சரித்திருக்கிறது. மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்குத் திடீரென ரத்த அழுத்தம் விழும்போது, குழாயில் மருந்து இருக்கிறது என்பதே மருத்துவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. சட்டத்திலும் இது சாதாரணச் சாதனம் அல்ல. ஐரோப்பாவின் 2017/745 ஒழுங்குமுறையில், தனியாக விற்றால் மருந்தாகக் கருதப்படும் பொருளைச் சேர்த்த சாதனம் நேராக மூன்றாம் வகுப்புக்கு, மிகக் கடுமையான வகுப்புக்குப் போகிறது. இதைச் சரக்கு செய்து முடித்த பிறகு தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

கழிவுத் தண்ணீர்

கழுவும் தொட்டித் தண்ணீரில் துத்தநாகமும், கசிந்த வெள்ளியோ குளோர்ஹெக்சிடினோ இருக்கும். அதைப் பொதுச் சாக்கடையில் விட்டால் நேராகச் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகும், அங்கே அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்பவை பாக்டீரியாக்கள்தான். நம் சரக்கு உண்மையிலேயே வேலை செய்கிறது என்றால் முதலில் சாவது அவைதான். மருந்து சேர்ந்த பிறகு வரும் கழுவல் தண்ணீருக்கு ஆரம்பத்திலேயே தனிக் குழாய், தனிப் பீப்பாய் வைத்துவிடுங்கள். மருந்து சேர்க்கும் முன் வரும் கழுவலோடு கலக்காதீர்கள், கலந்தால் அபாயக் கழிவின் அளவுதான் கூடும். பீப்பாயில் தேதியும் மருந்தின் பெயரும் எழுதி, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். திரிந்துபோன வாளியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.